நான் கடித்த கல் மரம்

வக்கீலுக்கு அடுத்தபடியாக நாக்கால் பிழைக்கிறவன் பட்டை மண்டி மேஸ்திரிதான்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். பட்டை நல்லதா, மழையில் நனைந்து சத்துப்போனதா என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். வாலாஜாபேட்டையில் ஒரு சாயபுவின் மண்டியில் அந்த நாக்கு என்னுடையதாக இருந்தது. மூட்டையின் நடுவில் இருக்கும் துண்டைக் கடைவாயில் வைத்துக் கடிப்பேன். நாக்கு சுருண்டால் பட்டை ஆம்பூர்த் தோல் தொட்டிகளுக்குப் போகும். சுருளாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். தினம் முப்பது நாற்பது மூட்டை. வீட்டில் பாயசம் வைத்தாலும் எனக்கு அது துவர்க்கும். மேலே இருக்கிறவர் நீட்டியதையெல்லாம் மென்று தின்றே காலம் தள்ளும் சக உத்தியோகஸ்தர்களே, உங்களுக்காவது என் கஷ்டம் புரியும் என்ற நம்பிக்கையில், உப்பு சத்தியாக்கிரகத்துக்கு அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

கடைவாய்ப் பல்

கோவிந்தன் நெமிலிப் பக்கத்து வண்டிக்காரன். நெமிலிக்குக் கிழக்கே தரிசுக் காட்டில் பெண்கள் ஆவாரங் கிளைகளை வெட்டி, தட்டித் தட்டிப் பட்டை உரித்து மூட்டை கட்டுவார்கள். அதை ஏற்றிக்கொண்டு வருவது அவன் வேலை. பதினைந்து வருஷமாக வருகிறவன். அவன் மாடுகளுக்கே எங்கள் வாசல் தெரியும்.

அன்று அவன் மூட்டையைப் பிரித்துக்கொண்டே சாயபுவிடம் என் நாக்கின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு மும்முரத்தில், மூட்டைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை உருவக்கூட இல்லை. பட்டை நிறம், பட்டையில் ஓடுகிற அதே வரி. குனிந்து நுனியை மட்டும் வாயில் வைத்து, முதலாளி பார்க்கிறாரே என்று வழக்கத்தைவிடப் பலமாகவே கடித்தேன். மண்டி முழுக்கக் கேட்டதாம் அந்தச் சத்தம். பாதிப் பல் என் உள்ளங்கையில் இருந்தது. மூட்டையிலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு கல் வந்தது, உலக்கைத் துண்டு மாதிரி உருண்டையாக. சாயபு என் பல்லைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார். "ஒரு கல்லு அகப்பட்டுச்சுன்னா, இத்தினி நாளா ஒம்பது கல்லு அகப்படலைன்னு அர்த்தம், மேஸ்திரி."

உரித்த குச்சி

எடைக்காகக் கல் வைத்தவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தண்டனை உண்டு. பட்டை உரித்த ஆவாரங் குச்சியை அவன் வண்டியின் நுகத்தடியில் மேஸ்திரி கட்டிவிடுவான். வெள்ளையாக, எலும்பு போல, தூரத்திலேயே தெரியும். அதைப் பார்த்தால் ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ஒரு மண்டி கதவு திறக்காது. நெல் ஏற்றுகிறவன்கூடத் தயங்குவான். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வண்டிக்காரன் தானே அவிழ்த்தால் அவன் கதை அதோடு முடிந்தது.

மற்ற மூட்டைகளையும் கொட்டிப் பார்த்தோம். வேறு கல் இல்லை. இருந்தாலும் எனக்குப் பல் வலி, அதைவிட அதிகமாக மான வலி. நானே குச்சியைச் சீவி, நானே இறுக்கிக் கட்டினேன். கோவிந்தன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அவன் குரலை உயர்த்தாததும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. "நான் வைக்கல மேஸ்திரி. கட்டினது ராகேலு, ஏத்தினது நான். அவளக் கேட்டுட்டுக் கட்டு. இதோட போனா வர்ற சந்தையில மாட்ட விக்கறதுதான் எனக்கு வழி."

ஆஸ்பத்திரி பெஞ்சு

எல்லா வண்டிக்காரனும் சொல்கிற பதில்தானே என்று விட்டுவிட்டு, மறுநாள் பஸ் ஏறி வேலூருக்குப் பல் பிடுங்கப் போனேன். எதைக் கடித்தாய் என்று டாக்டர் கேட்டால் காட்டலாமே என்று கல்லையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் கன்னம் வீங்கிய இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சமின் என்று பெயர். காலேஜில் பூமி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் துணியைப் பிரித்ததும் கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வந்தது. கல்லின் உடைந்த முனையை எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இது கல்லு மட்டும் இல்லீங்க. மரம்!" என்றார். நான் தப்பான வரிசையில் உட்கார்ந்துவிட்டோமோ என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். அதற்குள் அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டாகிவிட்டது. நர்ஸம்மா நேரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சார், புடுங்க வேண்டியது உங்க பல்லயா, இல்ல அந்தக் கல்லயா?"

பூக்காத மரம்

இரண்டு பேருக்கும் பல் போயிற்று. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே வேப்பமரத்தடியில் எனக்குப் பாடம் நடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளையம் வளையமாக வரிகள், வெட்டின மரத்தில் இருப்பது போலவே. பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு வேப்பங் கட்டையைப் பார்க்கச் சொன்னார். அதில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். கல்லில் அந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. பூத்துக் காய்க்கிற மரத்துக்கெல்லாம் அநேகமாக அந்த ஓட்டைகள் இருக்குமாம். இது பூவே பூக்காத ஜாதி. கூம்பு மாதிரி காய்க்கிற ஊசியிலை மரங்களுக்குச் சொந்தம். இருபது வருஷமாக ஆவாரம்பூ பூக்கிற செடியின் பட்டையையே கடித்தவனுக்கு, பூக்காத ஒன்று பல்லை எடுத்திருக்கிறது.

"மரம் எப்படி சார் கல்லாகும்?" என்றேன். ஆற்றுச் சேற்றில் காற்றுப் படாமல் புதைந்து, கல்சத்துள்ள தண்ணீர் நாருக்கு நார் உள்ளே ஏறி, நெடுங்காலத்தில் இறுகிப் போகுமாம். உரு மட்டும் அப்படியே இருக்குமாம். எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. தொட்டியில் தோலைப் போட்டால் பட்டைச் சாறு ஏறித் தோல் தோலாகவே நிற்கிறது, அழுகுவதில்லை. "அப்போ பூமி இந்த மரத்தத் தொட்டியில போட்டுப் பதம் பண்ணியிருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். வாத்தியார் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். "நாலு வருஷமா கிளாசுல தொண்டை கிழியக் கத்தறேன். இத ஒருத்தன் சொல்லல ஐயா, ஒருத்தன்!"

அதற்கும் முன்னால்

கல்லை அவரே எடுத்துப்போய், ஒன்பதாம் நாள் மண்டிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். சாயபு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். உலகத்தின் முதல் மரம் இதுதானா என்று நான் கேட்டேன். வாத்தியார் சிரித்துவிட்டார். நமக்கும் இந்தக் கல்லுக்கும் உள்ள காலத் தூரத்தைவிட, இந்தக் கல்லுக்கும் முதல் மரங்களுக்கும் உள்ள தூரம் ஜாஸ்தியாம். கடல் தாண்டி எங்கோ ஒரு தேசத்தில் வெள்ளம் ஆற்றங்கரையை அரித்துக்கொண்டு போனபோது, சேற்றில் நின்ற நிலையிலேயே கல்லான அடிமரங்கள் தெரிந்தனவாம். பின்னால் அணைக்குக் கல் உடைத்த இடத்தில் இன்னும் பல. அடி மட்டும் பானை மாதிரி பருத்து, தலையில் பெரணி இலை மாதிரி விரிந்து நின்றிருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பறவை கிடையாது, பூ கிடையாது, அந்த நிழலில் வந்து நிற்க ஒரு மாடு கிடையாது.

நம் ஊர் மலையில் ஏன் ஒன்றும் அகப்படுவதில்லை என்றேன். விரிஞ்சிபுரம் கோயில் தூணும் வேலூர்க் கோட்டைச் சுவரும் பூமியின் ஆழத்தில் வெந்து உருவான பாறை, அவை உண்டானபோது உலகத்தில் ஒரு இலைகூட இல்லை என்றார். நெமிலிக்குக் கிழக்கே போனால்தான் தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த மண். மரம் அங்கேதான் புதையும். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். தினம் மிதிக்கிற வாசற்படி எந்த மரத்துக்கும் மூத்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாயபு படத்தைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி, பருத்த அடியில் விரலை வைத்தார். "அதெல்லாம் சரி வாத்தியாரே, இந்தப் பட்டையில துவர்ப்பு ஜாஸ்தியா, கம்மியா?"

கருப்பு முனை

கல்லின் ஒரு முனை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. நான் கடித்தது மறுமுனை. வாத்தியார் அந்தக் கருப்பைப் பற்றித்தான் ஒன்பது நாளும் யோசித்தாராம். அந்தக் காலத்தில் காடு தீப்பிடித்திருக்க வேண்டும், இது அதன் கரி என்று முடிவு கட்டி, நோட்டில் மூன்று பக்கம் எழுதியும் வைத்திருந்தார். கல்லில் இரும்புச் சத்து அதிகம் என்பதை மட்டும் ஓரத்தில் ஒரு வரியில் குறித்திருந்தார்.

இரும்பு என்றதும் என் நாக்கு ஊறிற்று. ஆவாரஞ் சாறு இரும்பில் பட்டால் மசியாகக் கறுக்கும். தொட்டிப் பக்கம் ஒரு ஆணியைக்கூட விடமாட்டோம். கல்லை வாங்கி, கருப்பு முனையை நக்கினேன். நாக்கு சுருண்டது, முதல் தரப் பட்டைக்குச் சுருள்கிற மாதிரி. பழங்காலத்துத் தீயும் இல்லை, கரியும் இல்லை. யாரோ நாள்தோறும் இந்தக் கல்லால் பச்சைக் கிளையைத் தட்டிப் பட்டை உரித்திருக்கிறார்கள். இது எடைக்காக வைத்த கல் இல்லை, வேலை செய்கிற கல். மூட்டை கட்டும்போது தவறி உள்ளே போயிருக்கிறது. கோவிந்தன் சொன்னதுதான் நிஜம். அவன் மாட்டை விற்கப்போகிற மாசச் சந்தை மறுநாள்தான். வாத்தியார் மூன்று பக்கத்தையும் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டிருந்தார். சாயபு மட்டும் நிதானமாக இருந்தார். "பேஜார் பண்ணாதே மேஸ்திரி, உன் நாக்கு சொல்றது போதாது. அந்த ராகேலு வாயால வரட்டும், அப்புறம் குச்சிய அவுத்துடு."

ராகேல் கேட்ட கேள்வி

உடனே ஒரு வண்டி பிடித்து நெமிலிக்குப் போனோம், வாத்தியாரும் வந்தார். மறுநாள் காலையில் தரிசுக்குள் நடந்தபோது டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. ராகேல் நடுவயதுக்காரி, அந்தக் கூட்டத்துக்கே மூத்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் நான் ஒரு வார்த்தை பேசும் முன்னே எழுந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். பத்து நாளாகத் தேடுகிறாளாம். வேறு கல் உள்ளங்கையைக் கிழிக்கிறதாம்; காட்டினாள், கொப்புளம் கொப்புளமாக. "இத வெச்சி ஆறு வருஷமா தட்றேன். எவன்யா எடுத்தவன்?" என்று என்னையே அதட்டினாள். எனக்கு அந்த அதட்டல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாத்தியார் அதற்குள் ஓடைக் கரையில் மண்டியிட்டுவிட்டார். அங்கே வெள்ளைக் களிமண் பாளத்தைப் பிளந்தால், ஏட்டில் வைத்து மறந்த இலை மாதிரி, சீப்புப் போன்ற இலைகளின் அச்சு. ராகேலிடம் எல்லாவற்றையும் சொன்னார்: இந்தக் கல் ஒரு மரம், அது பூக்காது, அது நின்ற காலத்தில் மனுஷனே இல்லை. அவள் கல்லைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு அவரை. கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் கேட்டதை வாத்தியார் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். "பாக்கறதுக்குப் பூவும் இல்ல, வெட்டறதுக்கு ஆளும் இல்ல. அப்போ அது யாருக்குய்யா வளந்துச்சு?"

நுகத்தடி

கோவிந்தன் வீட்டை ராகேல்தான் காட்டினாள். வாசலில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்துக்குப் புதுக் கயிறு போட்டிருந்தான். சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வண்டி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது, நுகத்தடியில் என் குச்சியோடு. ஒரு வார்த்தை கேட்காமல் போய் அதை அவிழ்க்கப் பார்த்தேன். நான் இறுக்கியது இறுகிப் போயிருந்தது; விரலுக்கு வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தேன், மிச்சமிருந்த பல்லால்.

அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: கல் மரம் என்றேன், கருப்பு முனை துவர்த்தது என்றேன், ராகேல் ஒப்புக்கொண்டாள் என்றேன், நாளைக்கே வண்டியைக் கட்டு, நானே வாசலில் நின்று கதவைத் திறக்கிறேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையும் சொன்னேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவன் மாடுகளின் புதுக் கயிற்றை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டிவிட்டுத் திரும்பினான். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கல்லு சொல்லிச்சு, நம்பின. ராகேலு சொன்னா, நம்பின. நான் மொத நாளே சொன்னேனே மேஸ்திரி, என்ன ஏன் நக்கிப் பாக்கல?"

மரம் கல்லாவதற்குப் பல கோடி வருஷம் பிடிக்கும் என்கிறார் வாத்தியார். மேஸ்திரி கல்லாவதற்கு எனக்கு ஒரு மூட்டை பிரிக்கிற நேரம் போதுமானதாக இருந்தது.