ஐந்து மார்க் வெற்றுக்கணம்

கணிதத் துறையில் அவருக்கு ‘அரை மார்க் அம்மா’ என்று பெயர். விடை முழுக்கத் தப்பாகப் போயிருந்தாலும், நடுவில் ஒரு வரி சரியாக இருந்தால் அதற்கு அரை மார்க் போடாமல் அவர் மனம் ஆறாது. இருபத்திரண்டு வருடமாகச் சிவப்பு மைதான். இந்த வருடம்தான் முதன்முறையாகத் தலைமைத் திருத்துநர் ஆக்கிப் பச்சை மைப் பேனாவைக் கொடுத்தார்கள். அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார், பாவம்.

அவருக்குக் கீழே திருத்த ஒன்பது பேர். அதில் ஒருத்தி அவருடைய நாத்தனார். ஒரே வீடு, அண்ணி மாடியில், நாத்தனார் கீழே. மாமியார் கண்மூடிய வாரத்தில், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது யார் என்று எழுந்த பேச்சு முற்றி, மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்பதைக்கூட அண்ணன்தான் படியேறி வந்து மனைவியிடம் சொல்ல வேண்டும். “நான் உனக்குப் புருஷனா, இல்ல போஸ்ட்மேனா?” என்று அலுத்துக்கொள்வார்.

திருத்தும் முகாமின் ஆறாம் நாள், கடைசி நாள். நான்கு மணிக்குள் எல்லா விடைத்தாள் கட்டுகளுக்கும் முத்திரை வைத்தாக வேண்டும். மாதிரிக்குச் சில தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், நாத்தனார் திருத்திய கட்டுக்கு வந்ததும் நின்றார். பதினாலாவது கேள்வி: மெய்யெண்களின் மேல் டிஸ்கிரீட் அமைப்பு இருந்தால், 1, 2, 3 மட்டும் உள்ள கணத்தின் எல்லை எது? அம்மா எழுதிக் கொடுத்திருந்த விடைக்குறிப்பில், அந்த மூன்று புள்ளிகளே எல்லை. இந்தத் தாளில் பிள்ளை எழுதியிருந்தது ‘வெற்றுக்கணம்’, அதாவது எல்லையென்று எதுவுமே இல்லை. நாத்தனார் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்று வருடம் காத்திருந்த நேரம்! பச்சைப் பேனாவைத் திறந்து, அந்த ஐந்தை அடிக்கப் போனவர், அரை மார்க் தேடும் பழக்கத்தால் பிள்ளை எழுதிய காரணத்தையும் வாசித்தார்.

‘இங்கே ஒவ்வொரு புள்ளியும் தனியாகவே ஒரு திறந்த கணம். ஆகவே ஒரு புள்ளியைச் சுற்றி, அதைத் தவிர வேறெதுவும் இல்லாத இடம் உண்டு. எல்லைப் புள்ளி என்றால் அதன் ஒவ்வொரு சுற்றுப்புறமும் கணத்தின் உள்ளேயும் தொட வேண்டும், வெளியேயும் தொட வேண்டும். அப்படித் தொட இங்கே யாருமே பக்கத்தில் இல்லை.’

பிள்ளை எழுதியதுதான் சரி; தப்பு அம்மாவுடையது. வழக்கமான எண்கோட்டின் நினைப்பில் விடைக்குறிப்பை எழுதிவிட்டிருக்கிறார்! மற்ற எட்டுப் பேரும் விடைக்குறிப்பைப் பார்த்தார்கள், கணக்கைப் பார்க்கவில்லை. சரியாக எழுதிய எத்தனை பிள்ளைகளுக்கு முட்டையோ?

எழுந்து நாத்தனாரின் மேஜைக்குப் போனார். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

“இதுக்கு ஏன் அஞ்சு மார்க் போட்ட?”

“சரியா எழுதியிருக்கு, போட்டேன்.”

“குறிப்பு தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல் நாளே.”

“சொல்ல வாய் வரலையா?”

“யார்கிட்ட சொல்றது? அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பணுமா?” என்ற நாத்தனாரின் குரல் சட்டென்று உடைந்தது. “உங்களை அவமானப்படுத்தத்தான் சொல்றேன்னு நினைப்பீங்க அண்ணி. என் கட்டுல மட்டும் சரியா போட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். தப்புதான்.”

நாத்தனார் இப்படிப் போட்ட ஐந்துகளை அடித்துவிட்டால் எல்லாத் தாளும் குறிப்போடு ஒத்துப்போய்விடும். யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் ஏங்கிக் கிடைத்த பேனா, அவர் கையிலேயே இருந்தது.

பேனாவை மூடினார். கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

“பதினாலாவது கேள்விக்கு என் குறிப்பு தப்பு. எல்லாக் கட்டையும் பிரிக்கணும்.”

“அம்மா, விளையாடுறீங்களா? முத்திரைக்கு அரக்கு உருக்கியாச்சு!” என்று முகாம் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர், “அரை மார்க் அம்மா இன்னைக்கு நம்மள முழுசா வச்சு செய்றாங்க,” என்றார். யாரும் கட்டைத் தொடவில்லை. அம்மாவின் கண் கலங்கியது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்து, முதல் கட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று முத்திரை வைக்க ஏழு மணியானது. அறுபத்தொரு தாள்களில் ஐந்து மார்க் ஏறியது; அதில் பதினான்கு பேர் பாஸ் ஆனார்கள்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு அந்தப் பதவி வரவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம்தான் வந்தது. பச்சைப் பேனா நாத்தனாரிடம் போயிற்று. ஒரு ஞாயிறு காலை மாடிக் கதவு தட்டப்பட்டது. அண்ணன் இல்லை, அவளே, கையில் நான்கு தாள்களுடன்.

“விடைக்குறிப்பு. ஒரு தடவை பாத்துக் குடுங்க அண்ணி. நாந்தான் எழுதினேன், தப்பு இருக்கும்.”

அம்மா தாளை வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி, “ஏங்க, உங்க போஸ்ட்மேன் வேலை போச்சு,” என்றார்.