மாமாவின் அறையும் நான்கு ஈரச் சாக்குகளும்

எங்கள் வீட்டில் ஈரக்காலோடு நுழையக்கூடாத இடம் ஒன்றுதான் இருந்தது. சாமியறைக்குக்கூட அந்தச் சட்டம் கிடையாது. கால் கழுவினால் சாமியறைக்குள் போகலாம். மாமாவின் அறைக்குள் போவதென்றால் கழுவிய காலைத் துடைக்கவும் வேண்டும். அதற்கென்று வாசலில், தான் இடுப்பில் கட்டிக் கிழிந்த ஒரு பழைய சாரத்தை நான்காக மடித்துப் போட்டிருந்தார். தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு போனால் அதற்கும் அனுமதி இல்லை. "கால் துடைச்சனியோ பிள்ளை?" என்ற கேள்வி, நான் வாசலுக்கு வருமுன்னரே உள்ளேயிருந்து வந்துவிடும். எனக்கு அப்போது பத்து வயது. சட்டங்களை மீறுவதைவிட, மற்றவர்கள் மீறுவதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் எனக்கு விருப்பம் அதிகம். அதனால் அந்த அறைக்கு நானே காவலாளி ஆகிவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர் முடிந்து நாங்கள் கண்டாவளைக்குத் திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மின்சாரமும் வந்த பிறகு அவரும் எங்களோடு வந்து தங்கினார். கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை. பின்னேரம் வந்தால் பின்னறைக்குள் போய்விடுவார். யன்னலுக்குக் கதவு போடக் காசு போதாமல் தகரம் அடித்திருந்த அறை அது. அதற்குள் மூன்று கணினிகள் இருந்தன.

மூன்றும் பாவித்தவை. கிளிநொச்சியில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளை ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுத்துக் குவித்து வைத்திருந்தார். மற்றவர்கள் வந்து திரை பளபளக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா திரையைப் பார்க்கவேயில்லை. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய், ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே எவ்வளவு நினைவகம், எந்தப் புரொசெசர், காற்றாடி எப்படிச் சுற்றுகிறது என்று எழுதினார். ஒரு வாரம் இப்படிப் போய் வந்தார். பெண் பார்க்கப் போயிருந்தால்கூட இத்தனை தரம் போயிருக்கமாட்டார் என்று அப்பா சொன்னார்.

கடைசியில் வாங்கியது ஒரு வெள்ளைப் பெட்டி, திரை உடைந்த மடிக்கணினி ஒன்று, ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு திரை. கறுப்புப் பெட்டியை எடுக்க வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னாராம். அதற்குள் இரண்டு மூளை, வேகம் கூட, ஆனால் அடுப்பு மாதிரிக் கொதிக்கும் என்றிருக்கிறார். மாமா கொப்பியில் 'சூடு' என்று எழுதி, அடியில் கோடு கீறி, பிறகு அதையே வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மூளை இருந்தால் சூடு வரத்தான் செய்யும் என்றார் அம்மா. அவர் சொன்னது அந்தப் பெட்டியைப் பற்றியா, அப்பாவையும் மாமாவையும் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

இந்த மூன்றும் எதற்கு என்பதுதான் வீட்டில் பெரிய வழக்கு. வெளிநாட்டில் எங்கோ ஒரு பல்கலைக்கழகம், பூமியின் மழையையும் வெயிலையும் பல வருடங்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கிறது. கணக்கு மிகப் பெரியது. ஆகவே அதைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பமுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி வைக்கிறார்கள். வீட்டுக் கணினி தன் துண்டைச் செய்து முடித்துத் திருப்பி அனுப்பும். மாமா இதை அப்பாவுக்கு வயலை வைத்து விளங்கப்படுத்தினார்.

"ஒரு பெரிய வயலை ஒரு ஆள் வெட்டி முடிக்கேலாது அத்தான். ஆளுக்கு ஒரு துண்டாப் பிரிச்சுக் குடுக்கினம். எங்கட துண்டை நாங்கள் வெட்டிக் குடுக்கிறம்."

"வெட்டின நெல்லு ஆற்ற வீட்டை போகுது?" என்றார் அப்பா.

"எல்லாற்ற வீட்டையும்."

எல்லோருடைய வீட்டுக்கும் போகும் நெல் யாருடைய வீட்டுக்கும் போகாது என்பது அப்பாவின் அபிப்பிராயம். அன்றிலிருந்து அவர் வயலுக்குப் புறப்படும்போதெல்லாம் பின்னறைப் பக்கம் திரும்பி, "பின்னேரம் மழை வருமோ எண்டு உம்மட பெட்டியைக் கேட்டுச் சொல்லும்" என்பார். அது அறுபது வருசத்துக்குப் பிறகு வரும் மழையைத்தான் சொல்லும் என்று மாமா பொறுமையாகப் பதில் சொல்வார். அப்படியென்றால் நான் அதுவரைக்கும் உழாமல் இருக்கிறேன் என்று அப்பா மண்வெட்டியைத் தோளில் போடுவார். இது எங்கள் வீட்டின் காலைத் தேவாரம்.

மாமா இரண்டு தரம் தோற்றிருந்தார். முதலில் மூன்றிலும் விண்டோஸ்தான் போட்டார். அது பாதி நினைவகத்தைத் தானே சாப்பிட்டது. யாராவது ஒரு பென்டிரைவைச் செருகினால் வைரஸ் வந்தது. கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தன் பாட்டில் அணைந்து எழும்பியது. இரண்டு துண்டுகள் அப்படிப் பாழாகின. பிறகு வவுனியாவிலிருந்த ஒரு சிநேகிதரிடம் போய் லினக்ஸ் இறுவட்டு ஒன்றை வாங்கி வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். அது திரை இல்லாமலும் ஓடியது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. சித்திரை மாதம் கறுப்புப் பெட்டி ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு தொடங்கியது. சிறிய துண்டுகள் மற்ற இரண்டுக்கும்.

துண்டை முழுதாக முடித்தவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் வரும். மாமா அதை எனக்குக் காட்டியிருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர். எங்கள் நாட்டின் பெயர் வருவதற்கு நெடுநேரம் கீழே போகவேண்டியிருந்தது. "இதிலை ஒருக்கா வரவேணும்" என்றார். வந்தால் என்ன தருவார்கள் என்று கேட்டேன். ஒன்றும் தரமாட்டார்கள் என்றார். அது எனக்கு விளங்கவில்லை.

கணக்கு எவ்வளவு தூரம் போய்விட்டது என்று திரையில் பார்க்கலாம். பெட்டிக்குள் இருந்த பூமிக்கு அதற்கென்று ஒரு வருடமும் மாதமும் இருந்தன. எங்களுக்கு இரண்டு நாள் போனால் அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் போகும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காலைத் துடைத்துவிட்டுப் போய், அங்கே இப்போது என்ன மாதம் என்று பார்த்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதுவது என் வேலை. அந்தப் பூமியின் கடைசி வருடத்து மார்கழி வந்ததும் கணக்கு முடியும்.

அங்கே கடைசி வருடம் நெருங்கியபோது எங்கள் பூமியில் மார்கழி. அந்த வருடம் மாரிமழையை நம்பிக் காலபோக நெல் விதைத்து, பயிர் ஒரு சாண் எழும்பியிருந்த நேரத்தில் அடைமழை பிடித்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். திறந்தால் தண்ணீர் எங்கள் பக்கமாகத்தான் கடலுக்குப் போகும். ஐந்து நாள் வயல் கண்ணில் படவில்லை. தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகிக் கிடந்தது.

அப்பாவிடம் குறுகிய காலத்தில் விளையும் விதைநெல் நான்கு சாக்கு மிச்சம் இருந்தது. அதை விட்டால் வேறு இல்லை. ஊரெல்லாம் விதைநெல் தேடிக்கொண்டிருந்ததால் வாங்கவும் வழி இல்லை. அடுத்த மழைக்கு முன் சேற்றில் விதைத்துவிட வேண்டும். அதற்கு நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடியவிட்டு, சாக்கோடு வைக்கோல் போட்டு மூடி வைக்க வேண்டும். உள்ளே சூடு பிடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து விதைப்பார்கள். ஆனால் அந்தக் குளிரிலும் தூற்றலிலும் சூடு எங்கிருந்து வரும்? இரண்டு நாளாக அப்பா சாக்குக்குள் கையை விட்டு விட்டு எடுத்தார். நெல் குளிர்ந்து கிடந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படிக் கிடந்தால் புளித்து நாறிவிடும். அப்பா சாப்பிடவில்லை. அவர் மாமாவின் பெட்டியை வைத்துப் பகிடி விடாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வழியைச் சொன்னது அம்மா. அம்மாவுக்குச் சொன்னது பூனை.

"உந்தப் பூனை மழை துவங்கின நாளிலயிருந்து தம்பியின்ர அறையை விட்டு வெளியில வரேல்லை. அதுக்குள்ளை நல்ல கணகணப்பு" என்றார்.

அப்பா எழும்பினார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பின்னறைக்குள் போனார். நான் அவர் கால்களையே பார்த்தேன். துடைக்கவில்லை. மாமா வழக்கமான கேள்வியைக் கேட்கவுமில்லை. கிட்ட இருந்த பெட்டியின் முதுகில் அப்பா கையை வைத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ளை எது கூடச் சூடு?" என்று கேட்டார்.

மாமா திரையை ஒருதரம் பார்த்தார். பிறகு கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மாமாவே பெட்டிகளின் முதுகைச் சாக்குப் பக்கம் திருப்பினார். கறுப்புப் பெட்டியை இரண்டு சாக்குகளுக்கு நடுவில் வைத்தார். பக்கத்து மூடியையும் கழற்றிவிட்டார், சூடு நேரே போகட்டும் என்று. தண்ணீர் சொட்டச் சொட்ட நாலாவது சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றுக் காலோடு அவர் வாசலுக்கு வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, கால் துடைக்கேல்லை. சாக்கும் ஈரம்" என்றேன்.

"நெல்லுக்கு ஈரம் வேணும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வருடமாக என்னைச் சாரத்தில் காலைத் தேய்க்க வைத்தவர், தனக்கென்று வந்ததும் சட்டத்தை மறந்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் துணி அடைத்து, காலையும் மாலையும் மாமாதான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ச் சாக்குகளின் மேல் தெளித்தார். அறை அவியும் இட்டலிச் சட்டி போலிருந்தது. தகரத்தில் நீர் கோத்து வழிந்தது. முதல் நாள் பின்னேரம் வெள்ளைப் பெட்டி நின்றது. மறுநாள் காலை மடிக்கணினி நின்றது. அப்பா, "பழசு, என்ன செய்யிறது" என்றார். "ஓம் அத்தான், பழசுதானே" என்றார் மாமா. கறுப்புப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அங்கே அப்போது கடைசி வருடம் ஆனி.

மூன்றாம் நாள் காலையில் அப்பா சாக்குக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் விட்டு, கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தபோது உள்ளங்கையில் ஒட்டியிருந்த நெல்லில் எல்லாம் வெள்ளையாக ஒரு பொட்டு. அவர் அதை அம்மாவிடம் காட்டவில்லை, என்னிடமும் காட்டவில்லை. மாமாவிடம் நீட்டினார். மாமா குனிந்து பார்த்துத் தலையாட்டினார். என்னைத் தவிர எல்லோரும் வயலுக்குப் போனார்கள்.

கோபமாயிருந்தாலும் காவல் காவல்தானே. காலைத் துடைத்துவிட்டு, ஈரத் தரையில் ஒரு வாங்கைப் போட்டு ஏறி உட்கார்ந்து நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு மாதம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால், மூன்று நாளானாலும் மார்கழி வரும்வரை அசைவதில்லை என்றிருந்தேன். பத்து மணிபோல் 'டிக்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகிய மணம். காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பூனை எழும்பி வெளியே போனது.

நான் வரம்பு வழியே ஓடினேன். மாமா சேற்றுக்குள் நின்று, அப்பாவுக்கு முளைநெல்லைக் கடகத்தில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பெட்டி நின்றுவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"எந்த மாசத்திலை நிண்டது?"

"ஆவணி."

"ஓ" என்றார். அடுத்த கடகத்தை நிரப்பினார்.

பிறகு ஒரு நாள் அவர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். ஈரத்தில் எல்லாம் பச்சை பிடித்திருந்தது. கணக்கு இருந்த வன்தட்டு கடகடவென்று அடித்துவிட்டு அடங்கியது. காற்றாடிக்குப் பக்கத்தில் இரண்டு நெல் கிடந்தன, அவை முளைத்திருக்கவில்லை. வயலில் விதைத்தது முளைத்தது. வீட்டுக்குச் சாப்பாடும் அடுத்த வருடத்து விதைநெல்லும் வந்தன.

அந்தக் கதை எங்கள் வீட்டில் பகிடியாக நிலைத்துவிட்டது. யார் வந்தாலும் அப்பா சொல்வார்: ஒரு வாரம் கொப்பியும் பேனையுமாக அலைந்து, ஊரிலேயே உக்கல் பெட்டிகளாகப் பார்த்து வாங்கினவர் இவர், மூன்று நாளில் மூன்றும் போச்சு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மாமாவும் சிரித்துக்கொண்டு, பழசுதானே என்பார். அவர் அதற்குப் பிறகு கணினி வாங்கவில்லை. அந்தப் பட்டியலில் அவர் பெயர் வரவுமில்லை.

இப்போது நான் கொழும்பில், வரிசையாக நூற்றுக்கணக்கான கணினிகள் நிற்கும் ஒரு குளிர் அறையில் வேலை செய்கிறேன். முதல் நாள் அங்கே என்னை அழைத்துப்போனவர், நான் கையில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலை வாசலில் வாங்கி வைத்தார். சூட்டைச் சமாளிக்கலாம், ஈரத்தைச் சமாளிக்க முடியாது என்றார். அதை நான் பத்து வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அந்த வாசலில் நின்றபோதுதான் என் கோபம் எவ்வளவு முட்டாள்தனமானது என்று உறைத்தது. மாமா சட்டத்தை மறந்துவிட்டார் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அதை ஒரு கணமும் மறக்காத ஆள் அவர்தான். எது கூடச் சூடு என்று அப்பா கேட்டபோது, வெள்ளைப் பெட்டியைக் காட்டிவிட்டுக் கறுப்பை வேறு அறைக்கு மாற்றியிருந்தாலும் அப்பா நம்பியிருப்பார்.