களத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்

அரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கபடிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ரசிகர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு மாணவரை வைத்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. ஆட்டம் முழுக்கக் களத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்ததும் பெரிய அணி எதிலாவது இதே வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

அரையிறுதியின் கடைசி ரெய்டில் அந்தக் கல்லூரிப் பையன் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். அவுட் கொடுத்தேன். அப்படியும் ஒரு புள்ளியில் அவர்கள்தான் ஜெயித்தார்கள்; ஆனாலும் கேலரி மொத்தமும் என்னை நோக்கி இறங்கி வந்தது. அந்த மாணவர் ஒரு கையைத் தூக்கினார். அத்தனை பேரும் அப்படியே நின்று, திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

"நல்லவேளை தம்பி, நீங்க இருந்தீங்க" என்றேன்.

"எறங்கச் சொன்னதும் நாந்தானுங்க சார்" என்று பணிவாகச் சிரித்தார். "எத்தன செகண்ட்ல வர்றாங்கன்னு பாத்தேன். பதினொண்ணு. பைனல்ல கொறச்சிரலாங்க."

மறுநாள் இறுதியாட்டத்திலும் அவர் அதே இடத்தில்தான் நின்றார். கடைசி ரெய்டில் அவர்கள் பையனின் கால் கோட்டில் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.