அக்கா தெளித்த தண்ணீர்

லோகோ வரும். அதன் கீழே சின்னதாக ஒரு பட்டை ஓடும். திடீரென்று திரை முழுக்க நீலமாகி, எழுத்தைப் படிப்பதற்குள் அணைந்து, மறுபடி லோகோ வரும். பாகூரில் நான் வேலை பார்த்த டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் மூன்று நாள் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் யாராவது பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஆன் ஆவுதுங்க, உள்ள போவ மாட்டேங்குது” என்றால், எனக்கு முதலில் அந்தக் கடையில் டைப் அடித்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளே, அந்த அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

அக்கா குருவிநத்தத்திலிருந்து சைக்கிளில் வருவார். மனு எழுத வருபவர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கை நிற்காமல் அடிப்பார். ஒருவர் பட்டா மாற்ற வந்துவிட்டு அரை மணி நேரம் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா திரும்பாமலே, “நீ மொதல்ல நெலத்தப் பத்தி சொல்லு. உங்க அண்ணன அப்பறம் ரெண்டு பேருமா சேந்து திட்டலாம்” என்றார். அவர் ஆறு வருடமாக அடித்ததெல்லாம் அந்த ஒரே மெஷினுக்குள் இருந்தது. அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பழசாகிப்போன மெஷின்.

கடை பாயுடையது. ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பொரியும் வாழைப்பழமும் பாய்தான் வாங்கி வருவார். அந்த வருடம் மெஷினைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். யூபிஎஸ் வயர் உட்பட எல்லாவற்றையும் பிடுங்கி, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்த் தூசி தட்டித் துடைத்தேன். அக்கா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து மேசைக்கு முன்னால் நாலு சொட்டுத் தெளித்தார். தண்ணீர் தரையில்தான் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. வயர்களைச் செருகி ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கடைசியில் எஃப்1 என்று இருந்தது. மற்றதைப் படிக்காமல் எஃப்1 அழுத்தினேன். அப்புறம்தான் அந்த நீலம்.

பாய் வந்து பார்த்தார். “கரண்டு சாமான் மேல தண்ணி தெளிக்கலாமாம்மா?”

“மேல படவே இல்ல பாய்.”

ஜெராக்ஸுக்கு நின்ற ஒருவர், “இன்னாக்கா, கம்ப்யூட்டருக்கு அபிஷேகமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தண்ணீரால் இல்லை என்றால் அடுத்து யார், பெட்டியைத் தூக்கிப்போன நான்தானே? தலையைக் குனிந்து, இல்லாத திருகாணி ஒன்றைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

பாய், “நாளன்னிக்குள்ள வரலன்னா ஃபார்மட் அடிச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அக்கா என்னிடம் மெதுவாக, “அதுல ஊரே இருக்குதுடா தம்பி” என்றார்.

ராம் மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். கேபிளை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வயரைப் பிடுங்கிச் செருகியதும் அந்த இரண்டு வரி வந்தது, ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தித் தள்ளினேன். மூன்றாம் நாள்தான், வேறு வழி தெரியாமல், அந்த வரிகளை ஒரு தாளில் எழுதி எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் நாளே மெஷின் தன் நோவைச் சொல்லிவிட்டிருந்தது. போர்டில் இருந்த வட்ட பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. யூபிஎஸ் வயர் எப்போதும் செருகியே இருந்ததால் மெஷினுக்குத் தன் செட்டிங் மறக்காமல் இருந்தது. நான் பிடுங்கியதும் எல்லாம் மறந்துபோனது. ஹார்டு டிஸ்கைப் படிக்கும் முறை தானாக வேறொன்றுக்கு மாறியிருந்தது, உள்ளே இருந்த பழைய ஓ.எஸ்.ஸுக்கு அந்த முறை தெரியாது. புது பேட்டரி போட்டு, அந்த ஒரு செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். உள்ளே போய்விட்டது. ஒரு எழுத்துகூட அழியவில்லை.

பாய் என் முதுகில் தட்டினார். அக்கா மட்டும், “தண்ணியாலதானா தம்பி?” என்று கேட்டார். பாய் பக்கத்தில் இருந்தார். “பழைய மெஷின்க்கா, எதுன்னு சொல்றது” என்றேன்.

அதன்பிறகு கடைக்கு வருபவர்களுக்கு அவர் ‘அபிஷேகக்கா’ ஆகிவிட்டார். அடுத்த ஆயுத பூஜைக்கு, பூஜை முடியும்வரை ரோட்டிலேயே நின்றார். கையில் மாவிலையை யாரும் கொடுக்கவில்லை. அந்த மாதமே வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் குருவிநத்தம் போய், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மன்னித்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அக்கா மல்லாட்டை உடைத்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்:

“தண்ணி படலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்ற. பாய் கண்ண மூடி ரெண்டு வருசம் ஆச்சு, நெசம் தெரியாமலே போயிட்டாரு. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுடா.”

பாகூர் வரும்வரை பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை, காலியான சீட் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அன்று கடையில் சிரித்தவர்களை இனி ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டும். நீங்கள் அப்போது பிறக்கவில்லை, உங்களுக்கும் தெரியாது. அதனால் உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்: அக்கா தெளித்த தண்ணீர் தரையில்தான் விழுந்தது. வயரைப் பிடுங்கியது உங்கள் அப்பா.