ஐந்து நொடியில் எழும் கார் திரை

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதியதை மருமகள் படம் எடுத்து இங்கே போடுகிறாள்.

என் கார் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும். போன வாரம் அதன் திரையில் பின்பக்கக் கேமரா வருமுன்பே வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டேன். ஆட்டுக்குட்டி மயிரிழையில் தப்பியது.

இன்று கோவில்பட்டியில் கார் சாமான் கடைக்காரர் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் காட்டினார்.

"இது அஞ்சு நொடியில வந்துரும் அண்ணாச்சி. ஆனா பட்டன்ல படம் கெடையாது, வெறும் எழுத்துதான். ஒங்களுக்குத் தோதுப்படுமா?"

"போடுங்க. இப்பம் நான் முதியோர் வகுப்புல எழுத்துப் படிக்குதேன்லா."

வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினேன். ஐந்தே நொடியில் திரை வந்தது.

'பின்பக்கக் கேமரா' என்ற பட்டனை எழுத்துக்கூட்டிப் படித்து அழுத்த ஒரு நிமிடம் ஆனது.

அதற்குள், பின்னால் படுத்திருந்த குட்டி தானாக எழுந்து போய்விட்டது.

இனி எனக்கும் வேகமான சிஸ்டம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.