மாப்பிள்ளை வீட்டு வாறுகால்

எனக்கு முதலில் அமைந்த சம்பந்தம் எங்கள் தெருவால் கெட்டுப்போனது. ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணைப் போய்ப் பார்த்து, தட்டில் வைத்த காரச்சேவையும் அல்வாவையும் தின்றுவிட்டு, பிடித்திருக்கிறது என்றும் சொல்லியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் விஷயம் அதோடு முடியாது. பெண் வீட்டார் ஒரு நாள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். வீடு பார்ப்பது என்று பேர்தான். கூரை ஒழுகுகிறதா, மாமியார் முகம் எப்படி, அக்கம்பக்கம் என்ன பேசிக்கொள்கிறது என்று சகலத்தையும் பார்ப்பார்கள்.

வந்தார்கள். தெருமுனையில் வேனை விட்டு இறங்கினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வாறுகால் கிடையாது. சாக்கடைக் கால்வாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக் கழிவுத் தண்ணீரெல்லாம் தெரு நடுவில் தானாக ஒரு வழி பண்ணிக்கொண்டு ஓடும். நாங்கள் அங்கங்கே செங்கல் போட்டு, தாண்டித் தாண்டிப் போகப் பழகியிருந்தோம். பெண்ணின் சித்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. பட்டுச்சேலையோடு சறுக்கி, நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட ஓடிய என் அம்மாவிடம், “இருக்கட்டும், இருக்கட்டும். சொல்லி விடுறோம்” என்றார். ‘சொல்லி விடுறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றுவரை சொல்லிவிடவில்லை.

அப்போது நான் முப்பதை எட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாவது வருடம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுடையது சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பேரூராட்சி. தினமும் சிவகாசிக்குப் போய் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டினேன். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், நடுநடுவே கல்யாணப் பத்திரிகை. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் பிள்ளைக்குக் காது குத்திவிட்டான். நான் ஊரான் கல்யாணப் பத்திரிகையில் மையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “ஏலே, முதல்ல வாறுகாலு, பெறகு கல்யாணம். இன்னொரு சித்திய அங்கன உக்கார வைக்க என்னால ஆகாது.”

பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர், உங்கள் தெருவுக்கு ரோடு போடத் தீர்மானம் ஆகிவிட்டதே, சந்தோஷப்படுங்கள் என்றார். வாறுகால் எங்கே என்றேன். அது வேறு தீர்மானம், அடுத்த வருஷம் வரலாம் என்றார். “இந்த வருசம் ரோட்டப் போட்டுட்டு, அடுத்த வருசம் அதையே தோண்டி வாறுகாலு கட்டுவீகளா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், “அது அப்படித்தான் சார்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயேதான் எப்போதும் புது ரோட்டைக் கொட்டுவார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போகும். வீடு வளருமா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குள் மூன்று படி ஏறிப் போவோம். இப்போது தெருவும் வாசலும் ஒரே மட்டம். இன்னொரு ரோடு வந்தால் வீட்டுக்குள் இறங்கித்தான் போகவேண்டும். இறங்கிப் போகும் வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்?

எங்கள் வார்டு கவுன்சிலர் ஓர் அக்கா. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் நின்று ஜெயித்துவிட்டார். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“என்ன தம்பி, காதெல்லாம் செவந்து போயி வாறீக?”

எல்லாவற்றையும் கொட்டினேன், சித்தி விழுந்தது உட்பட. அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரோட்டு அகலத்தக் கொஞ்சம் கொறைச்சிட்டு, ஒரு பக்கமா வாறுகாலு கட்டுங்கன்னு தெருவே சேர்ந்து கேட்டா, கூட்டத்துல நான் பேசி மாத்துறேன். பழைய ரோட்ட வழிச்சு எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னும் சொல்றேன். ஆனா எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வந்துருங்க. அந்தச் சண்டைக்கு நான் வர மாட்டேன்.”

அக்கா விவரமானவர். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முன்னால் தெரு கூடியது. எல்லோருக்கும் வாறுகால் வேண்டும். எல்லோருக்கும் எதிர்வரிசையில் வேண்டும். வாசல்படியை இடிப்பார்கள், நாறும், கொசு வரும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு அத்தை. உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகியதுதான். பழைய பேப்பரைப் பசை தடவிச் சுருட்டி, வெடிக்குக் குழாய் செய்து கம்பெனிக்குக் கொடுப்பார். வாசலில்தான் காயப்போடுவார். “எங்க பக்கம் வாறுகாலு வந்தா என் கொழாய உன் தலையிலயா காயப்போடுவேன்?” என்று எங்கள் வரிசைக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. பேச்சு வாறுகாலை விட்டுவிட்டு யாரோ யார் வீட்டுக் கோழியையோ தின்ற பழைய கதைக்குப் போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க வரிசையிலயே வெட்டுங்க! எங்க வீட்டுப் படியிலருந்தே ஆரம்பிங்க!” என்று கத்திவிட்டேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று என் வரிசைக்காரர்கள் முறைத்தார்கள். ஆனால் எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. “சரி, பயலுக்காகப் போனாப் போகுது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். இப்படியாக, என்மேல் இரக்கப்பட்டுத்தான் எங்கள் தெருவுக்கு வாறுகால் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அக்கா சொன்னபடியே செய்தார். பழைய ரோட்டை வழித்து எடுக்கும்வரை வேலையாட்களுக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். வாறுகாலும் முடிந்தது, ரோடும் முடிந்தது. வாறுகாலைத் தாண்டி வீட்டுக்குள் போக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கல் போட வேண்டும். மற்றவர்கள் கடப்பாக்கல் போட்டார்கள். அம்மா விடுவாளா? அகலமாகச் சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் பூப்போட்ட டைல்ஸ் பதித்தாள். வழுக்குகிறதா என்று தானே வெறுங்காலில் நடந்து நடந்து பார்த்தாள்.

அதற்குள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்திருந்தது. போய்ப் பார்த்தேன். பெண் காப்பியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், நான் காலி. இந்தப் பெண்ணையும் தெரு தின்றுவிடக் கூடாதே என்று அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சாமியை வேண்டிக்கொண்டே வந்தேன். அடுத்த ஞாயிறு வீடு பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முன்னால் தெருவுக்குத் திறப்பு விழா. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தாலும் வெடி, பெரியவர் செத்தாலும் வெடி, புது ரூட்டில் பஸ் வந்தாலும் வெடி. ரோடும் வாறுகாலும் ஒருசேர வந்திருக்கிறது, சும்மா விடுவோமா? தெருவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். பத்தாயிரம் வாலாச் சரவெடிகளைக் கொண்டுவந்து, தெரு மேட்டிலிருந்து பள்ளம்வரை நீட்டிப் போட்டார்கள். கவுன்சிலர் அக்கா ஊதுபத்தியால் பற்றவைத்தார். காது அடைத்துப்போனது. புகை விலகியபோது புது ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. கணுக்கால் உயரத்துக்குக் காகிதக் குப்பை.

எப்போதும் குப்பையை ஓரமாகக் கூட்டித் தீ வைப்போம். அன்றைக்கு ஓரத்தில் புது வாறுகால் இருந்தது. காய்ந்து, காலியாக, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பார்த்தால் யாருக்குத்தான் கை நிற்கும்? தெருவே விளக்குமாற்றை எடுத்து உள்ளே கூட்டித் தள்ளியது. மழை வந்தால் அடைத்துக்கொள்ளுமே என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தீபாவளி முடியும்வரை எங்கள் பக்கத்தில் மழை என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். வெடி காயவேண்டிய நேரம், சொன்னால் வந்துவிடும் என்று பயம். அதனால் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே வந்தது மழை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தது. எங்கள் ஊர் அப்படி ஒரு மழையைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெடியின் காகிதமும் அதன் வாயை அடைத்திருந்த மண்ணும் ஊறிக் குழைந்து, கொத்தனார் கலவையைப் போல நகர்ந்து வந்து, அகலமான எங்கள் வாசல் தளத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டன. தண்ணீர் மேலே எழும்பியது. எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது, எதிர்வீட்டு அத்தை வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

மழை விட்டதும் அத்தை தெருவுக்கு வந்துவிட்டார். “ஏலே மாப்பிள்ளப் பயலே! உன் பூப்போட்ட கல்லுக்கடியிலதாம்லே அடைச்சிருக்கு! சீசன் பூராம் சுருட்டுன கொழாய் உள்ள ஊறுது. ஒடைக்கிறியா, நான் வரவா?”

நான் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கடப்பாரையோடு நின்றேன். அம்மா தளத்தின்மேல் ஏறி நின்றுகொண்டாள். “இத ஒடைச்சா அவுக எதுல கால வச்சு உள்ள வருவாக? வேன் வந்துக்கிட்டு இருக்கும்லே. ஒரு அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லு!”

அரை மணி நேரத்தில் குழாயெல்லாம் கூழாகிவிடும். அத்தையைப் பார்த்தேன். திட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. ஐயோ என்று இருந்தது. “எறங்கும்மா கீழ!” என்று அம்மாமேல் எரிந்துவிழுந்துவிட்டு, கடப்பாரையை ஓங்கித் தளத்தில் போட்டேன். டைல்ஸ் தெறித்தது. அம்மா தலையில் கை வைத்தாள். தளத்தை உடைத்துத் தள்ளி, இடுப்பளவு சாக்கடையில் இறங்கி, காகிதக் குழைவை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராக என் தலைக்கு மேலே வந்து நின்றார். நான் வெளியே போட்டதில் ஒரு கை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தார்.

“பத்தாயிரம் வாலாவா?”

“ஆமாங்க.”

“ஒண்ணாவது நமுத்துப் போச்சா?”

“இல்லைங்க. பூராம் வெடிச்சிருச்சு.”

“ம்” என்றார். அது பாராட்டா, திட்டா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து, உடைந்த தளத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஏதோ பெயர்ந்தது. வாறுகால் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. தண்ணீர் மடமடவென்று ஓட ஆரம்பித்தது. தெருவே கை தட்டியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் குழாய் சுருட்டும் பலகையைத் தூக்கிவந்து எங்கள் வாசலுக்குக் குறுக்கே போட்டார். “இதுல வாங்க, சம்பந்தி” என்றார்.

வந்தார்கள். வீட்டுக்குள் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பெண்ணின் அப்பா சுவரில் தண்ணீர் ஏறிய தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் நின்று வாளி வாளியாக ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. கிளம்பும்போது அவர் அம்மாவிடம் கைகூப்பிச் சொன்னது எனக்கு அங்கேயே கேட்டது.

“சொல்லி விடுறோம்.”

போச்சு. அம்மா என்னோடு பேசவில்லை. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டரைத் தலைகீழாக ஓட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை மட்டும் தினமும் வாசலில் நின்று, “அந்தப் பிள்ளைதாம்லே உனக்கு, பாரு” என்பார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

தீபாவளி போனபிறகு பெண்ணின் மாமா வந்தார். தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா நம்பாமல், “உங்க மச்சானுக்குச் சம்மதந்தானா?” என்று கேட்டாள். “மச்சான விடுங்க. பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிது” என்றார் அவர்.

இதைக் கேட்டபிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்தைப் பார்வையில் என்னை அப்படிப் பிடித்துப்போயிருக்கிறது. இல்லாவிட்டால், நான் அத்தைக்காகச் சாக்கடையில் இறங்கிய கதையை அவள் அப்பா போய்ச் சொல்லியிருப்பார், பெண் உருகிப்போயிருப்பாள். கல்யாணம்வரை இதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணம் முடிந்து மறுவீடு எல்லாம் போய் வந்தபிறகு, ஒரு நாள் மாலையில் வாசலில் உட்கார்ந்து அவளிடமே கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்காமல் சொன்னாள்.

“எங்கய்யா இங்க வந்துட்டுப் போன மறுநா காலையில, அந்த வீடு ஆகாது, வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிதுன்னாக. எங்கம்மாவும் வேண்டாம்னுட்டாக. நான் அப்பத்தான் கொடத்தோட உள்ள வாரேன். விடியுமுன்ன எந்திரிச்சுப் போயி, லாரி வரக் காத்துக் கெடந்து, நாலு பேரோட சண்ட போட்டுக் கொண்டாந்த ஒத்தக் கொடம். பத்து வயசுலருந்து அதான் எனக்குப் பொழப்பு. இடுப்புலருந்து எறக்கி வைக்காமலே கேட்டேன், ‘என்னய்யா சொல்றீக, அந்த ஊருல தண்ணி தானா வீடு தேடி வருதா? அப்ப அங்கனயே பேசி முடிங்க’ன்னுட்டேன்.”

“அப்ப என்னயப் பிடிச்சுப் போயி இல்லையா?” என்றேன்.

முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை ஊதிவிட்டுச் சொன்னாள்: “அது பெறகுதான்.”