மேட்டில் கிடை, பள்ளத்தில் விளைச்சல்

என் கல்யாணத்துக்கு அப்பா சீதனமாகக் கொடுத்தது, போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில் ஒரு சரிவு நிலம். அதை நிலம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. மேல்மண்ணை எல்லாம் மழை எப்போதோ கழுவிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது கல், கல்லுக்கு இடையில் கொஞ்சம் செம்மண், அப்புறம் வெயில். வெயில் மட்டும் அமோகமாக விளைந்தது.

சம்பந்திகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, என் மாமியாரின் நிலத்தை ஒட்டியே பார்த்து வாங்கியிருந்தார். என்னுடையது மேட்டில், அத்தையுடையது கீழே பள்ளத்தில். அங்கே ஒரு கிணறு உண்டு. கோடையில் எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரியாது, அடித்தரைதான் தெரியும். என் நிலத்தைக் கல்லுடைக்கிறவருக்கு விற்று, அந்தக் காசில் கிணற்றை ஆழப்படுத்துவது அத்தையின் திட்டம். நிலம் என் பேரில்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் யார் பேரில் எது இருந்தாலும் பேச்சு அத்தையுடையது.

“ரெண்டு வருசம் பாப்பேன். அதுக்குள்ள ஒரு படி கொள்ளாவது வீட்டுக்கு வரணும். இல்லேன்னா கல்லுக்காரருக்குத்தான்” என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார். “அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்பது அவர் வாரந்தவறாமல் வழங்கும் தீர்ப்பு. அவரால் ஆன உதவி, ஸ்டோரில் கூட்டித் தள்ளும் ஏலக்காய்க் காம்பையும் தூசியையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தது. நிலத்தில் பரப்பினேன். சரிவு முழுக்க மணத்தது. “பயிரு வைக்கப் போறியா, பாயாசம் வைக்கப் போறியா?” என்றார் அத்தை. மறுவாரம் அடித்த காற்று பாயாசத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது.

அப்புறம்தான் ஆட்டுக்கிடை யோசனை வந்தது. மந்தையை ராத்திரி நிலத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நான் பிறந்த ஊர் சமதரை. அங்கே எல்லோரும் செய்வது இது. மந்தைக்காரரான கீதாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நிலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏந்தாயி, இதுல ஆடு எங்கிட்டுப் படுக்கும்? கல்லு குத்தாதா?”

தினமும் ராச்சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றேன்.

“சரி, ஆடு பொறுத்துக்கிரும்” என்றார்.

கிடை முடிந்து அவர் கிளம்பியபோது, “ஆடெல்லாம் எளைச்சிருச்சு, ஆளு பெருத்துட்டாரு” என்றார் அத்தை. நான் காதில் வாங்கவில்லை. அடுத்த நாளே ஐப்பசி மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், நிலம் துலக்கிவைத்த பாத்திரமாகப் பளபளத்தது. சமதரையில் உரம் போட்ட இடத்தில் கிடக்கும், சரிவில் கிடக்காது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அத்தனை புழுக்கையும் அத்தையின் நிலத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வருஷம் அத்தையின் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. “எல்லாம் என் கைராசி” என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். கீதாரிக்கு ஆக்கிப்போட்ட குழம்பின் ராசி என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷ மழையில் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்த்தேன். ஓடிய இடத்துக்கெல்லாம் குறுக்கே, கிடந்த கல்லையே அடுக்கி வரப்புக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரும் கல் சுமந்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு மூச்சு மிஞ்சவில்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் சந்தோஷமாக இருந்த ஞாயிறுகள் அவைதான். வரப்புக்குப் பின்னால் மண் தங்கியது. மறுபடி கிடை, மறுபடி குழம்பு. அந்தத் தையில், அத்தை கேட்ட ஒரு படிக்கு மேலேயே, ஒரு மரக்கால் கொள்ளு வீட்டுக்கு வந்தது.

அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் சோளம் அந்த வருஷம் இடுப்போடு நின்றுவிட்டது. “எனக்கு வர வேண்டியத எல்லாம் மறிச்சுக் கட்டிட்டாளே! இந்தக் கொள்ள வச்சு நாக்கு வழிக்கவா? கல்லுக்காரர வரச் சொல்றேன்” என்று தெருவில் நின்று கத்தினார். போட்ட கெடுவை அவரே மீறுகிறார் என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

கல்லுக்காரர் வந்தது சித்திரையில். அந்தக் கோடையில் சுற்றிலும் கிணறெல்லாம் வறண்டு கிடக்க, அத்தையின் வாளி மட்டும் நிறைந்து ஏறிக்கொண்டிருந்தது. மேட்டில் வரப்புக் கட்டி நிறுத்திய மழைதான் கீழே ஊறுகிறது என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அத்தை நம்ப மாட்டார். நான் சொன்னேன் என்பதற்காகவே விற்றாலும் விற்பார்.

கல்லுக்காரர் வரப்பைப் பார்த்துப் பூரித்துப்போனார். “பொறுக்குற சோலிகூட இல்ல, அடுக்கியே வச்சிருக்கீகளே ஆத்தா! நாளைக்கே லோடு ஏத்திருவேன்” என்றபடி ஒரு கல்லை உருவினார்.

கிணற்றடியிலிருந்த அத்தை வாளியைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறி வந்தார். “எடுத்த கல்ல எடுத்த எடத்துல வைய்யி! கெணத்துல இப்பத்தான் ஊத்து கண்ணு தொறந்திருக்கு.”

கல்லுக்காரர் வைத்தார். “நீங்கதான ஆத்தா விக்கணும்னு சொல்லிவிட்டீக?”

அத்தை கிணற்றைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

“விக்கிறதுக்கு நான் யாரு? நெலம் அவளோடது. அவகிட்டக் கேளு.”

கல்லுக்காரர் என் பக்கம் திரும்பினார். இந்த நாளுக்காக நான் மனசுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. அப்பா, அத்தை, வீட்டுக்காரர், யாரையும் அதில் விட்டுவைக்கவில்லை. அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லுத்தா, அவருக்கு வெளங்கணும்ல” என்றார் அத்தை.

“விக்கலைங்க” என்றேன்.